ஜான் ஆஃப் ஆர்க்கை எந்த வேகத்தில் ஓட்டுவது?

நுங்கம்பாக்கத்து அரங்கமோ திருவான்மியூர் மொட்டை மாடியோ, 1920களின் பிரெஞ்சு மௌனப் படம் போட்டால் முதல் பத்து நிமிடத்துக்குள் எங்கிருந்தாவது சிரிப்பு வரும். ஆட்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். பழைய படமென்றால் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் குற்றம் படத்தில் இல்லை, ஓட்டிய வேகத்தில் இருக்கிறது.

மௌனப் படம் என்றாலே நொடிக்கு 16 ஃப்ரேம் (அசையும் படத்தின் தனித்தனிப் படங்கள்) என்று நினைப்பது ஒரு பழக்கம். 1920களின் கடைசியில் அது பொருந்தாது. கேமரா கையால் சுற்றப்பட்டது, தியேட்டர்களோ இன்னும் வேகமாக ஓட்டின. 18 முதல் 24 வரை எதுவும் இருக்கலாம். கணக்கு எளிது. 35 எம்.எம். பிலிமில் ஒரு மீட்டருக்குச் சுமார் 52.5 ஃப்ரேம். மீட்டரை 52.5-ஆல் பெருக்கி, வேகத்தாலும் 60-ஆலும் வகுத்தால் நிமிடம் வரும். கார்ல் டிரையரின் 1928 ஜான் ஆஃப் ஆர்க் படத்தின் நீளம் 2,210 மீட்டர். 24-இல் ஓட்டினால் 81 நிமிடம், 20-இல் 97. இரண்டு வேகத்திலும் டிஸ்க் கிடைக்கிறது. என் ஓட்டு 20-க்கு: ஜானாக நடித்த ஃபல்கொனெத்தியின் கண்ணீர் கன்னத்தில் இறங்க அவகாசம் வேண்டும். 24-தான் சரி என்பவர்களும் இருக்கிறார்கள்.

டிஜிட்டல் படத்தை ஓட்டும் சாதாரண தியேட்டர் சர்வருக்கு 24-தான் பாதுகாப்பு. 20-இல் எடுத்த படத்தை 24 ஆக்க ஒவ்வொரு ஐந்தாவது ஃப்ரேமையும் இருமுறை வைக்க வேண்டும். 18 என்றால் மூன்றாவதை. இரண்டு ஃப்ரேமைக் கலந்து புதிதாக ஒன்றை உண்டாக்கும் மென்பொருள் வசதியைத் தொடாதீர்கள், முகமெல்லாம் ஈரக் காகிதம்போல் கசங்கிவிடும். டிவியின் மோஷன் ஸ்மூத்திங்கும் இதே வேலையைச் செய்யும். அதையும் அணைத்துவிடுங்கள்.

எந்தப் பிரதியை எடுப்பது என்பதுதான் பெரிய தலைவலி. இந்தப் படத்தின் முதல் நெகட்டிவ் 1928 டிசம்பரில் பெர்லினில் எரிந்துபோனது. மிச்சமிருந்த டேக்குகளைக் கோத்து டிரையர் செய்த இரண்டாம் நெகட்டிவும் தீயில் போனது. 1952-இல் திரைப்பட வரலாற்றாளர் லோ டூக்கா பரோக் இசையைச் சேர்த்து ஒரு பதிப்பு வெளியிட்டார். ஒலித்தடத்துக்கு இடம் வேண்டுமே, அதற்காக ஃப்ரேமின் இடப்பக்கம் வெட்டுப்பட்டது. குளோசப்பிலேயே நகரும் படத்தில் அந்தப் பட்டையோடு பாதிக் காதும் போய்விடும். 1981-இல் ஆஸ்லோவின் மனநல மருத்துவமனை ஒன்றில் கிடைத்த பிரதியிலிருந்து வந்த பதிப்பைத்தான் போட வேண்டும்.

ஃப்ரேமின் அகலம் உயரத்தைப்போல் 1.33 மடங்கு. டிஜிட்டலில் 1998 × 1080 பிக்சல் பெட்டிக்குள் 1440 × 1080 ஆக நடுவில் நிற்க வேண்டும். இரு பக்கமும் கறுப்பு விழுந்தால் அலறி "ஃபுல் ஸ்க்ரீன்" பொத்தானை அமுக்கும் ஆளை ரிமோட்டிடம் விடாதீர்கள்.

அடுத்தது வெளிச்சம். டிரையர், எல்லா நிறமும் பதியும் பான்க்ரோமேட்டிக் பிலிமில், மேக்கப் இல்லாமல் எடுத்தார். முந்தைய பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால்தான் பழைய படங்களில் உதடு கறுப்பாக விழும். இங்கே தோலின் ஒவ்வொரு மருவும் தெரியும். அரங்கச் சுவருக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள், வானத்தின் வெள்ளையிலிருந்து அது சாம்பலாகப் பிரிந்து தெரியட்டும் என்று. ப்ரொஜெக்டர் 'விவிட்' மோடில் இருந்தால் இரண்டும் ஒரே சுண்ணாம்பு வெள்ளை. சினிமா மோடு, ஷார்ப்னஸ் பூஜ்யம்.

ஆபெல் கான்ஸின் நெப்போலியனை (1927) போட ஆசைப்படுவோர் திரையை அளந்து பாருங்கள். கடைசியில் மூன்று திரை சேர்ந்து அகலம் உயரத்தைப்போல் நான்கு மடங்கு (4:1) ஆகும். 16 அடி அகலத் திரையில் அது 4 அடி உயரம்தான். அதுவரை 9 அடி உயரத்தில் இருந்த படம், உச்சக்கட்டத்தில் சுருங்கி ஒரு பட்டையாகிவிடும். அதோடு ஐந்தரை மணி நேரத்தை யோசியுங்கள்.

முதல் தடவை என்றால் கிர்சனாஃபின் மெனில்மோந்தான் (1926) நல்லது. முக்கால் மணி நேரத்துக்குள் முடியும், காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டையே கிடையாது. அட்டை உள்ள படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போடாமல், ஒருவர் மைக்கில் வாசிக்கலாம். நம்மூர் மௌனப்படக் கொட்டகைகளிலும் உரக்கப் படித்துச் சொல்ல ஆள் இருந்தார். அட்டை மறைவதற்குள் முடியும்படி வாக்கியத்தைச் சுருக்குவதில்தான் வேலை.

இசைக்கு வயலினும் மிருதங்கமும் போதும். ஆனால் கோர்வை (கணக்குப் போட்டு முடிக்கும் நீண்ட தாளக் கோப்பு) வேண்டாம், சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் இடத்துக்கு, வருவதற்குள் காட்சி மாறிவிடும். ரெனே க்ளேரின் ஆந்த்ராக்துக்கு (1924) எரிக் சாத்தி எழுதிய இசை நல்ல பாடம்: சின்னச் சின்னத் துண்டுகள், காட்சி மாறும்வரை திரும்பத் திரும்ப. துண்டு எட்டு அட்சரத்தை (தாள எண்ணிக்கையை)த் தாண்ட வேண்டாம். வாசிப்பவர் நோட்டைப் பார்க்காமல் திரையைப் பார்க்கும்படி உட்கார வையுங்கள். ஜான் ஆஃப் ஆர்க்குக்கு இசையே இல்லாமல் போடலாம் என்பாரும் உண்டு. சென்னையில் அதற்கு ஏசி கம்ப்ரசரின் சம்மதமும் வேண்டும்.