பதினாறு மதிப்பெண்

“நான் பெயிலாகிவிட்டால் என்னை அனுப்பமாட்டார்கள்தானே, சார்?”

இதற்கு நான் சொன்ன பதிலில் தகவல் பிழை எதுவும் இல்லை. இன்று யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்லவேண்டியிருக்கும். ஆனாலும் திருப்புதல் தேர்வு விடைத்தாள்கள் மேசைக்கு வந்து சேர்கிற நாட்களில் அந்தப் பதிலை வேறு வேறு விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றும் பொருந்துவதில்லை.

2022-இல் பத்தாம் வகுப்பு எழுதிய பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு முடியும் முன்பே கொரோனாவால் பள்ளிகளை மூடினார்கள். ஒன்பதாம் வகுப்பில் பெரும்பகுதி கல்வித் தொலைக்காட்சியிலும் அம்மாவின் கைப்பேசியிலும் கழிந்தது. இரண்டு முறையும் தேர்வு எழுதாமலே தேர்ச்சி. பத்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது பின்னங்களைக் கூட்டத் தடுமாறியவர்கள் பலர். பாடத்திட்டத்தைக் குறைத்தார்கள், தேர்வை மே மாதத்துக்குத் தள்ளினார்கள். எங்கள் பள்ளியிலும் மெல்லக் கற்போர் பட்டியல் ஒன்று தயாரானது. அதில் கணக்குக்கு உரியவர்கள் என் பொறுப்பு. அந்தக் கேள்வியைக் கேட்டவனும் அந்தப் பட்டியலில் இருந்தான்.

கணக்கில் முப்பத்தைந்து வாங்க வைப்பது ஒரு தனி வித்தை. அதற்கும் கணக்குக் கற்பிப்பதற்கும் பெரிய உறவு கிடையாது. நூறு மதிப்பெண் தாளில் வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு. இரண்டிலும் ‘அல்லது’ உண்டு. கையில் காம்பஸும் ஸ்கேலும் நின்றால் போதும், பதினாறு மதிப்பெண் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்கு. பாட இறுதிப் பயிற்சியில் இருப்பவற்றைத் திரும்பத் திரும்ப எழுதினால் அதில் ஏழெட்டு தேறும். கார்ட்டீசியன் பெருக்கல் ஒன்று, ஒரு சார்பை அம்புக்குறிப் படம், அட்டவணை, வரைபடம் என்று எழுதுகிற ஐந்து மதிப்பெண் ஒன்று, அணிகளில் ஏதாவது ஒன்று. மற்றதையெல்லாம் விட்டுவிடு என்பேன். முக்கோணவியல் பக்கம் போகவே வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். வெளியே இருப்பவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். ஜனவரியில் வந்து அந்தப் பெஞ்சுகளின் முன்னால் நின்று பார்த்துவிட்டுச் சுளிக்கட்டும்.

அவனுக்கு வடிவியல் வந்தது. வலை பின்னிய கை. கண்ணிகளை ஒரே அளவில் விட்டுப் பழகிய விரல்கள் காம்பஸைப் பிடித்தபோது வில் வெட்டும் இடத்தில் மயிரிழை போல மெல்லிய கோடுதான் விழும். வகுப்பில் முதல் மாணவியே தொடுகோடு வரையும்போது அவன் தாளை எட்டிப் பார்ப்பாள். அதனால் பட்டியலில் இருந்தவர்களில் அவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை குறைவு.

இரண்டாம் திருப்புதல் தேர்வில் அவன் வாங்கியது பத்தொன்பது. விடைத்தாளைப் புரட்டினேன். வடிவியலில் உதவிப்படம் மட்டும் இருந்தது. அளவெல்லாம் குறித்து, கோணத்தின் பெயரெல்லாம் எழுதி, அதற்கு அடியில் எதுவும் இல்லை. வரைபடத்தாளை ஒழுங்காக நூலில் கட்டியிருந்தான். மேல் ஓரத்தில் தேர்வு எண் எழுதியிருந்தான். அச்சுகூட வரையவில்லை. தெரியாதவன் விடும் வெற்றிடம் வேறு மாதிரி இருக்கும். அதில் அழித்த தடம் இருக்கும், தப்பான ஒரு அட்டவணையாவது இருக்கும். இது அப்படி இல்லை.

மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்ததும் நிறுத்திக் கேட்டேன். முதலில் நேரம் போதவில்லை என்றான். தேர்வு முடிவதற்கு வெகுநேரம் முன்பே அவன் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மேற்பார்வைக்குப் போன ஆசிரியர் எனக்குச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

எங்கள் கரையில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு இன்னொரு பயன் உண்டு. பத்து தேறியவரின் பாஸ்போர்ட்டில் ‘ஈசிஆர்’ (குடியேற்றச் சோதனை தேவை) என்ற குறிப்பு விழாது. தேறாதவர் சவுதி, கத்தார், குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். இது வீட்டில் இருக்கிற பாட்டிக்குக்கூடத் தெரியும். கல்வி அலுவலகக் கூட்டங்களில்தான் இதை யாரும் பேசுவதில்லை. அவனுடைய மாமா கத்தாரில் இருந்தார். பத்து முடிந்து, பதினெட்டு நிறைந்ததும் அங்கே கொண்டுபோய்விடுவது என்று முடிவாகியிருந்தது. அவனுக்கோ பாட்டாவின் (தாத்தாவின்) ஃபைபர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போக வேண்டும். விடுமுறையில் போய்க்கொண்டும் இருந்தான்.

அவன் அம்மாவும் ஒருமுறை பள்ளிக்கு வந்திருந்தார். “பாசாக்கி மட்டும் விட்டுவிடுங்கள் சார், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்கே வேண்டுமானாலும் போகட்டும், கடல் வேண்டாம்” என்றார். 2017 நவம்பர் 30-ஐப் பார்த்த ஊரில் எந்தத் தாயிடமும் போய்க் கடல் நல்ல தொழில் என்று வாதாட எனக்கு வாய் கிடையாது. ஒக்கிப் புயல் அடித்த நாட்களில் கடற்கரையில் நின்ற பெண்களை நானும் பார்த்திருக்கிறேன்.

அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “மக்களே, பெயிலானாலும் அனுப்புவார்கள். ஈசிஆர் பாஸ்போர்ட்டிலேயே அனுமதி வாங்கி அனுப்புவார்கள். கிடைக்கிற வேலைதான் மோசமாக இருக்கும்.”

“அப்படியா, சார்?” என்றான். வேறொன்றும் பேசவில்லை. வரைபடத்தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து நேர் மாறுபாட்டுக் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினான். அச்சு, அளவுத்திட்டம், புள்ளிகள், நேர்கோடு எல்லாம் சரி. எட்டுக்கு எட்டு.

பார்க்கப்போனால், தேறுவதற்கு நான் அவனுக்கு ஒரு காரணமும் கொடுக்கவில்லை. தோற்பதற்கு அவன் வைத்திருந்த ஒரே காரணத்தைப் பறித்துக்கொண்டேன். அது தவறு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பதினைந்து வயதுப் பையன் மொத்தப் படிப்பையும் பணயம் வைத்து வீட்டோடு ஒரு மறைமுகச் சண்டை போடுகிறான். அந்தச் சண்டையில் அவன் ஜெயிக்க வழியே இல்லை என்று தெரிந்த ஒருவன் பக்கத்தில் இருந்துகொண்டு வாயை மூடிக்கொள்வதா? ஆனால் ஏன் போக விருப்பமில்லை என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன செய்திருப்பேன்? அவன் அம்மாவிடம் போய்ப் பேசியிருப்பேனா? பேசி, அவர் சரி என்று சொல்லி, அவன் கடலுக்குப் போய், ஏதாவது ஆகியிருந்தால்? பரீட்சை முடிந்ததும் சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்றுதான் அப்போது நினைத்தேன். பரீட்சைக்குப் பிறகு ஆசிரியருக்கும் மாணவனுக்கும் பேசிக்கொள்ள ஓர் இடம் இருப்பதில்லை. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், கையெழுத்து, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. அவன் தோற்றிருந்தால் என் பாடத்தின் தேர்ச்சி சதவீதம் குறைந்திருக்கும். எங்கள் மாவட்டத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. அந்த ஆண்டு கன்னியாகுமரி 97.22 சதவீதத்துடன் மாநிலத்தில் முதலிடம் வந்தது. இப்படிப்பட்ட மாவட்டத்தில் தோற்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆசிரியர் எழுத்தில் விளக்கம் தர வேண்டியிருக்கும். அந்தப் பயம் எனக்குள் இல்லை என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். அந்த மாலையில் அவனிடம் பேசியது அந்தப் பயமா, அக்கறையா என்று பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். பிரியவில்லை. துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டு பதினொன்றில் சேர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு தோல்வியில் உலகம் முடிந்துவிடுவதில்லை. இதை மேடையில் சொல்வேன், அவனிடம் சொல்லவில்லை.

நாற்பத்து மூன்று வாங்கித் தேறினான்.

ஆசிரியர் அறையில் எங்கள் தமிழ் டீச்சரிடம் இதை ஒருநாள் சொன்னேன். அவர் சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு, “கடலில் அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அப்போதும் நீங்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்கு யோசிக்க ஒன்று வேண்டும், அவ்வளவுதான்” என்றார். பாதி உண்மை. டீச்சரின் அண்ணன் மகன் துபாயில் நன்றாக இருக்கிறான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

போன ஆண்டு திருவிழா விடுமுறைக்கு வந்தவனைக் குளச்சல் பஸ் நிலையத்தில் பார்த்தேன். ஆள் தடித்திருந்தான். கத்தாரில் ஒரு கிடங்கில் வேலை. வெயில் இல்லை, பரவாயில்லை என்றான். பாட்டா வள்ளத்தை விற்றுவிட்டாராம், எஞ்சினை மட்டும் கொடுக்காமல் வீட்டில் வைத்திருக்கிறாராம். தேநீருக்கு என்னைக் காசு கொடுக்கவிடவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன், அன்றைக்கு ஏன் வரைபடத்தாளை வெறுமையாக வைத்தாய் என்று.

“எந்த டெஸ்ட், சார்?”

நினைவூட்டினேன். சிரித்தான். உண்மையாகவே மறந்துவிட்டானா, அல்லது பேச விரும்பவில்லையா, எனக்குத் தெரியவில்லை. வலை பின்னுகிறவன் எதையும் அவ்வளவு சுலபத்தில் மறப்பவன் அல்ல என்று ஒரு மனம் சொல்கிறது. இருபது வயதை நெருங்குகிறவனுக்கு ஒரு திருப்புதல் தேர்வு எதற்கு நினைவிருக்க வேண்டும் என்று இன்னொரு மனம் சொல்கிறது. பஸ் வந்தது, ஏறிவிட்டான். நன்றாக இருக்கிறானா என்று பிறகு வீட்டில் கேட்டபோது, நன்றாக இருக்கிறான் என்றுதான் சொன்னேன். மகிழ்ச்சியாக இருக்கிறானா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வெறுமையான வரைபடத்தாளைக் கண்டால் எனக்குச் சந்தேகம். இந்த முறை திருப்புதலில் ஒரு மாணவி அப்படி விட்டிருந்தாள். தேர்வு எண் மட்டும் அழகாக எழுதியிருந்தாள். மாலையில் அவளை நிறுத்தி, கதவருகே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, திருமணப் பேச்சு ஏதாவதா, தேர்வு எழுத விருப்பமில்லையா, எதுவானாலும் சொல்லலாம் என்று நீளமாகக் கேட்டேன். அவள் என்னைப் பயத்தோடு பார்த்தாள்.

“இல்லை சார். எனக்கு கிராப் போடத் தெரியாது.”

அளவுத்திட்டம் எழுதுவதிலிருந்து தொடங்கினோம்.