கொழுப்புக் கல்லீரல், நீரிழிவு: எந்த மாடலை எடுப்பது, எப்படிப் படிப்பது?

கொழுப்புக் கல்லீரலையோ வகை 2 நீரிழிவையோ ஆய்வுக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த விலங்கு மாடல் நல்லது?" என்றுதான். தகுதித் தேர்வுக்கு இதைப் படித்து, பிறகு ஆய்வகத்தில் சுண்டெலிகளோடு காலம் கழித்த அனுபவத்தில் சொல்கிறேன்: கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். இந்த மாடலில் மனித நோயின் எந்தப் பகுதி இல்லை? இந்த ஒரு கேள்வியோடு படித்தால் பெயர்களும் தீவனங்களும் குழம்பாது.

மெத்தியோனின் (ஓர் அமினோ அமிலம்), கோலின் (ஓர் ஊட்டச்சத்து) இரண்டும் இல்லாத தீவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களிலேயே கல்லீரலில் கொழுப்பு, அழற்சி, நார்த்திசு (தழும்பு போன்ற இறுகிய திசு) எல்லாம் வந்துவிடும். தேர்வில் இதன் காரணத்தைக் கட்டாயம் கேட்பார்கள். கோலின் இல்லாவிட்டால் அதிலிருந்து உருவாகும் பாஸ்பாட்டிடைல்கோலின் என்ற கொழுப்புப் பொருள் குறையும். அது குறைந்தால், கல்லீரலிலிருந்து கொழுப்பை ரத்தத்துக்கு ஏற்றிச் செல்லும் விஎல்டிஎல் துகள் சரியாக உருவாகாது. கொழுப்பு கல்லீரலுக்குள்ளேயே தங்கிவிடும். ஸ்லைடைப் பார்த்தால் அசல் நோய் மாதிரியே இருக்கும். ஆனால் அந்தச் சுண்டெலியைத் தராசில் வைத்துப் பாருங்கள், எடை குறைந்துகொண்டே போகும். பருமனும் இல்லை, மனிதரில் காணும் இன்சுலின் எதிர்ப்பும் இல்லை. நார்த்திசுவைத் தடுக்கும் மருந்தைச் சோதிக்க இது உதவும். நீரிழிவோடு சேர்ந்த கல்லீரல் நோய் என்று தலைப்பு வைத்துவிட்டு இதை எடுத்தால் தேர்வாளர் விடமாட்டார்.

மரபணுப் பழுதால் பருமனாகும் ஓபி/ஓபி சுண்டெலி இதற்கு நேர் எதிர். பருமன், இன்சுலின் எதிர்ப்பு, கொழுப்பு ஏறிய கல்லீரல் என எல்லாம் உண்டு. நார்த்திசு மட்டும் தானாக வராது. நார்த்திசு உருவாக, பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டினும் துணைபோகிறது, இந்தச் சுண்டெலியிலோ லெப்டினே இல்லை. இன்னொரு மரபணு மாடலான டிபி/டிபி சுண்டெலியில் லெப்டின் நிறைய உண்டு, அதை உணரும் ஏற்பி பழுது. இங்கே டக்ளஸ் கோல்மனின் சோதனையை நிதானமாகப் படியுங்கள். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் அவர் இந்த இரண்டின் ரத்த ஓட்டத்தையும் இணைத்தார். ஓபி/ஓபி சுண்டெலி தீவனத்தைத் தொடாமல் பட்டினியில் இறந்தது; டிபி/டிபி வழக்கம்போலத் தின்றது. ஒன்றுக்குச் சமிக்ஞை இல்லை, மற்றதற்கு அதைக் கேட்கும் காது இல்லை என்று அவர் ஊகித்தார். 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் மரபணுவைக் கண்டுபிடித்தபோது ஊகம் உறுதியானது. வாய்மொழித் தேர்வில் இதைத் தர்க்கத்தோடு சொல்லத் தெரிந்தால் போதும், மதிப்பே மாறிவிடும். கூடவே ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: பருமனான மனிதர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவதில்லை, கூடுகிறது.

உணவால் வரும் நோயை உணவாலேயே உண்டாக்க வேண்டுமென்றால் அதிகக் கொழுப்புத் தீவனம்தான். கலோரியில் 60 சதவீதம் கொழுப்பிலிருந்து வரும் தீவனம் பரவலாகப் பயன்படுகிறது. பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் நன்றாக வரும், நார்த்திசு அரிது. அதற்கு ஃப்ரக்டோஸும் கொலஸ்டிராலும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். மனித நோய்க்கு நெருக்கமானது அதுதான் என்பது என் கருத்து. நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

இரண்டு நுணுக்கங்களை இங்கே கவனியுங்கள். ஒன்று, ஒப்பீட்டுக் குழுவுக்குச் சாதாரணத் தானியத் தீவனம் கூடாது. நார்ச்சத்து, தாவர ஈஸ்ட்ரோஜன் எல்லாமே மாறிவிடும்; பிறகு கொழுப்பின் விளைவு என்று எதையும் சொல்ல முடியாது. அதே மூலப்பொருள்களில் கொழுப்பு குறைந்த தீவனத்தையே கொடுங்கள். இரண்டு, துணை இனத்தை முழுமையாகக் குறியுங்கள். "பிளாக் 6" என்று அழைக்கப்படும் சி57பிஎல்/6 சுண்டெலியின் துணை இனங்களில், 6ஜே-யில் என்என்டி (மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் ஒரு நொதியின்) மரபணு பழுது, 6என்-இல் அது சரியாக இருக்கிறது. வெறும் "பிளாக் 6" என்று எழுதினால் குளுக்கோஸ் முடிவுகளை யாரும் நம்பமாட்டார்கள்.

இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கும் வேதிப்பொருளான ஸ்ட்ரெப்டோசோடோசின் பற்றிச் சுருக்கமாக. அதிகக் கொழுப்புத் தீவனம் கொடுத்த எலிக்குக் குறைந்த அளவில் இதைச் செலுத்தினால் வகை 2 நீரிழிவின் பிற்பகுதி போன்ற நிலை வரும். அளவு கூடினால் பீட்டா செல்கள் பெரும்பாலும் அழிந்து வகை 1 ஆகிவிடும், ஆகவே இன்சுலினையும் அளந்து காட்டுங்கள். பிஎச் 4.5 சிட்ரேட் பஃபரில் அப்போதே கரைத்து, பனிக்கட்டியில் வைத்து, உடனே செலுத்த வேண்டும். இது செல்லுக்குள் நுழைவது, குளுக்கோஸைக் கடத்தும் புரதமான குளுட்2 வழியாக. கல்லீரல் செல்லிலும் குளுட்2 உண்டு. அப்படியானால் கல்லீரலில் தெரியும் சேதம் நீரிழிவால் வந்ததா, மருந்தின் நச்சால் வந்ததா? பதிலை முன்பே யோசித்து வையுங்கள்.

அளவீடுகளில் நேரம் செலவிடுங்கள். குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனைக்குச் சுண்டெலியை இரவு முழுக்கப் பட்டினி போட்டால் கல்லீரலில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜன் காலியாகிவிடும். 6 மணி நேரமே நல்லது. கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயத்துக்கு உறைநிலை வெட்டுத்துண்டுதான் வேண்டும். பாரஃபினில் பதித்தால் கரைப்பான்கள் கொழுப்பைக் கழுவிவிடும், வெற்றுக் குழிகள்தான் மிஞ்சும். எல்லா விலங்கிலும் கல்லீரலின் ஒரே மடலிலிருந்து துண்டெடுங்கள், மதிப்பெண் இடுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. ஸ்லைடைப் பார்த்து இடும் நோய்ச் செயல்பாட்டு மதிப்பெண் (என்ஏஎஸ்) அதிகபட்சம் 8: கொழுப்புக்கு 3, அழற்சிக்கு 3, செல் உப்பலுக்கு (சேதமடைந்த கல்லீரல் செல் வீங்குவது) 2. நார்த்திசு இதில் சேராது, 0 முதல் 4 வரை தனியாகத் தரப்படுத்த வேண்டும். சுண்டெலியில் செல் உப்பல் தெளிவாகத் தெரிவது அபூர்வம் என்பதால், மனிதருக்காக வகுத்த இந்த மதிப்பெண்ணை அப்படியே பொருத்தும்போது அதையும் எழுதிவிடுங்கள்.

2023-ல் கொழுப்புக் கல்லீரல் நோயின் பெயரே மாஸ்எல்டி (MASLD) என்று மாறியது. புதிய பெயரில் வளர்சிதை மாற்றக் கோளாறு வரையறையிலேயே வந்துவிட்டது. மெத்தியோனின்-கோலின் இல்லாத தீவன மாடலை அந்தப் பெயரில் அழைக்கலாமா என்று இப்போது தேர்வாளர்கள் கேட்பார்கள். "நார்த்திசுவுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன்" என்று காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.