இரண்டு மணிக்குப் பிறகு வரும் பசி

எங்கள் ஹோட்டல் குசினியில் சூட்டுச் சாப்பாடு மத்தியானம் ஒன்றே முக்காலோடு முடிந்துவிடும். இரண்டு மணிக்கு அடுப்பைத் துடைத்தால் ஐந்து மணி வரைக்கும் எங்களுக்கு ஓய்வு. சுவிஸ் ஹோட்டல்களில் வேலை செய்தவர்களுக்கு இந்த 'சிம்மர்ஷ்டுண்ட' நன்றாகத் தெரியும். காலையில் நாலைந்து மணித்தியாலம், பின்னேரம் ஐந்தாறு மணித்தியாலம், நடுவில் சம்பளமில்லாத ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் கொஞ்சம் கண்ணயர்ந்தால்தான் இரவு பதினொரு மணி வரை நாரி தாங்கும். அதனால் இரண்டேகாலுக்கு மலையிலிருந்து இறங்கி, முகம் சிவக்க, சப்பாத்தெல்லாம் சேறாக யாராவது வந்து நின்று "சூடாக ஏதாவது கிடைக்குமா" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இல்லையென்று சொல்லும்படி பரிமாறும் பிள்ளையை அனுப்பிவிடுவேன். பதினாறு வருடம் அப்படித்தான் அனுப்பினேன்.

நான் வேலை செய்வது பேர்ண் மாநிலத்தின் கண்டர்ஸ்ரேக் கிராமத்தில். கண்டர் பள்ளத்தாக்கு இங்கே வந்து மலையில் முட்டி நின்றுவிடும். அதற்கு அப்பால் போவதென்றால் 1913இல் திறந்த லெட்ச்பேர்க் சுரங்கப்பாதைக்குள் ரயில் நுழைந்து, பதினாலரைக் கிலோமீற்றர் இருட்டில் ஓடி, மறுபக்கம் வெளிவர வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு முதலில் திறந்தது ஹோட்டல் குசினியின் பின்கதவு. நானும் கோப்பை கழுவத்தான் வந்தேன். கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சின்ன யன்னல். அதில் 3,638 மீற்றர் உயரமான டொல்டன்ஹோர்னின் ஒரு துண்டு தெரியும். கோப்பையிலிருந்து கறிவெட்டும் பலகைக்கும், பலகையிலிருந்து அடுப்புக்கும் நான் உயர்ந்தேன். அந்தத் துண்டு மலை மட்டும் அப்படியே யன்னலில் இருந்தது. மலை விருந்தினர்களுக்கு உரியது, எனக்கு உரியது குசினி என்றுதான் நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகவே எடுத்துக்கொண்ட எண்ணம்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு யூலை மாதம், எங்கள் ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மேசைகளைப் பார்க்கும் அம்மா என்னைக் கூப்பிட்டார். இதே பள்ளத்தாக்கில் பிறந்தவர். வயது 64, அந்த இலையுதிர்காலத்தோடு ஓய்வு பெற இருந்தவர். "இத்தனை வருசமா மலை ஏறினவைக்குச் சமைக்கிறீர். ஒருக்கா ஏறிப் பாரும்" என்றார். ஜெர்மனில் சொன்னதுதான், ஆனால் என் மனதில் அது யாழ்ப்பாணத்து 'நீர்' ஆகவே பதிந்திருக்கிறது. எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு விழுந்தது. காலை ஐந்து மணிக்கு ரயில் நிலையத்தடியில் சந்தித்தோம். கிராமம் இருப்பது சுமார் 1,175 மீற்றரில், போகவேண்டிய ஹோத்தூர்லிக் கணவாய் 2,778இல்.

அவர் நடந்த வேகத்தைப் பார்த்து எனக்கு அந்தரமாகிவிட்டது. எங்கள் ஊரில் செத்த வீட்டுக்கு நடப்பதுகூட அதைவிட வேகம். முந்திப் போகப் பார்த்தேன். "முதல் ஒரு மணித்தியாலம் வாயால மூச்சு விட்டீரெண்டா, வேகம் கூடிப்போச்செண்டு அர்த்தம்" என்றார். மூக்கால் மட்டும் மூச்சு விட்டு நடந்து பார்த்தேன். கால் தானாகவே அவருடைய வேகத்துக்கு இறங்கியது. குசினியில் அவசரம்தான் வேலை, கை ஓடாவிட்டால் தட்டுகள் குவிந்துவிடும். மெதுவாகச் செய்வதும் ஒரு வேலைத்திறன்தான் என்பதை அந்த ஒரு மணித்தியாலத்தில் அவரிடம் கற்றேன்.

1,578 மீற்றரில் ஓஷினென் ஏரி. மலை இடிந்து விழுந்து அடைத்ததால் உண்டான ஏரி அது. தண்ணீர் மேலால் வழிந்தோட வாய்க்கால் கிடையாது, நிலத்துக்கு அடியால்தான் கசிந்து போகிறது. விடியற்காலையில் ஒரு சனமும் இல்லை. அம்மா தெற்குப் பக்கத்துச் சரிவைக் காட்டினார். ஸ்பிட்சே ஷ்டாய் என்ற அந்த உச்சியில் பாறைகளைப் பிடித்துவைத்திருந்த உறைநிலம் சூட்டில் இளகி, மலை இன்று வரைக்கும் அசைந்துகொண்டிருக்கிறது. கருவிகள் வைத்து இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பாதைகளை மூடியும் வைத்திருக்கிறார்கள். அவர் சின்னப்பிள்ளையாக ஓடித் திரிந்த பாதைகளாம். அதைச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது. போக முடியாத ஊர்ப் பாதைகள் எனக்கும் உண்டு. அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஏரியைத் தாண்டினால் பாறைகளில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடுகள். மஞ்சள் பலகை மட்டும் உள்ள பாதையில் யாரும் நடக்கலாம். இந்தக் கோடு இருந்தால் அது மலைப்பாதை, கால் உறுதியாக இருக்கவேண்டும். பலகைகளில் கிலோமீற்றர் போடுவதில்லை, எத்தனை மணித்தியாலம் என்றே போடுகிறார்கள், அதுவும் எங்கும் நிற்காமல் நடந்தால். கோடைக்கு மாடு ஏற்றி மேய்க்கும் ஓபர்பேர்க்லி வரைக்கும் புல்லும் மணிச்சத்தமும் கூடவே வந்தன. எதிரே வந்த ஒவ்வொருவரும் "க்ரூஎஸ்ஸெக்" என்று வணக்கம் சொன்னார்கள். கீழே கிராமத்துத் தெருவில் இத்தனை வருடத்தில் எனக்கு அத்தனை வணக்கம் கிடைத்ததில்லை.

அதற்குப் பிறகு புல்லே இல்லை. பனியாறு தள்ளிக் குவித்த கல்மேடு, அதற்கு மேலே சரளைச் சரிவு. ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே சறுக்கும். கடைசி ஒரு மணித்தியாலம் நான் மலையையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. அம்மாவின் சப்பாத்துக் குதியை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். நெற்றி வேர்வை காய்ந்து, தடவினால் மணலாக உப்பு வந்தது. வாயில் ஒரே ஒரு ஆசை. இனிப்பு இல்லை, இறைச்சி இல்லை. உப்பு. சுடச்சுட, தண்ணியாக, உப்பாக ஏதாவது ஒன்று. முப்பது வருடத்துக்குக் கிட்ட அடுப்படியில் நின்றவன் நான். எனக்கு வேலைக்களைப்பில் வரும் பசி தெரியும், ஊரில் பட்ட பசியும் தெரியும். இந்தப் பசியை அதற்கு முன் கண்டதில்லை.

கணவாய்க்குச் சற்று மேலே, மலையேறுபவர்கள் தங்கிச் சாப்பிடும் சுவிஸ் அல்பைன் கிளப்பின் புளூம்லிசல்ப் குடில். போய்ச் சேரும்போது பதினொன்றரை. கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது குசினியைத்தான், பழக்கதோஷம். உள்ளே சமைக்கும் பெண் அப்போதுதான் தன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். மத்தியான ஆட்கள் வருமுன் சமையல்காரர் அவசரமாக விழுங்கும் அந்த நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கையில் பாண் துண்டு, மற்றக் கையில் கரண்டி. எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்தார். பாணைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பி, சூப் பானையை அடுப்பின் நடுவுக்கு இழுத்தார். எத்தனை மணி என்று அவர் பார்க்கவே இல்லை.

பார்லியும் லீக்ஸும் போட்ட சூப். நான் என்றால் அந்த உப்பைக் கொஞ்சம் கூட என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன். அங்கே அது அளவாக இருந்தது. கோப்பையைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டேன். எங்கள் ஹோட்டலில் மலைக்காரர்களின் தட்டுகள் கழுவாமலே பளபளப்பாகத் திரும்பி வருவது ஞாபகம் வந்தது. என் கைப்பக்குவம் என்று நான் பெருமைப்பட்ட தட்டுகள் அவை.

நானும் சமையல்காரன் என்றதும் அந்தப் பெண் தன் குசினியைக் காட்டினார். சாமான் எல்லாம் ஹெலிகொப்ரரில் வருகிறது, முடிந்துபோனால் கடைக்கு ஓட முடியாது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் உருளைக்கிழங்கும் மக்ரோனியும் வேக நேரம் எடுக்கும், அதற்குள் எரிவாயுவும் போகும். இரவில் நூறு பேருக்குக்கூட அதில்தான் சமைக்கிறார். எங்கள் பெரிய அடுப்பை நினைத்துக்கொண்டேன்.

இறக்கத்தில் முழங்கால் சில்லு இரண்டும் கெஞ்சின. ஏரியிலிருந்து கேபிள் காரில் இறங்கி வந்தோம். அடுத்த நாள் காலை வேலைக்குப் படியிறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது.

அந்தக் கிழமையே தலைமைச் சமையல்காரரிடம் கேட்டேன். மூடிய பிறகு யார் நிற்பது என்று அவர் கேட்டது நியாயம்தான், பெடியளின் ஓய்வை யாரும் தின்னக்கூடாது. ஆகவே ஐந்து லீற்றர் சூப் வைத்து, சுடுதண்ணித் தொட்டியில் இறக்கிவிடுகிறேன். பாண் கூடை பக்கத்தில். பரிமாறும் பிள்ளையே அள்ளிக் கொடுக்கலாம், என்னை எழுப்பத் தேவையில்லை. ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் பானை அனேகமாகக் காலி. ஓய்வு பெற்ற அம்மாவும் சில நாட்களில் மலையிலிருந்து இறங்கி அதில் ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போவதாகச் சொல்கிறார்கள்.

அந்தப் பானைக்கு மட்டும் இரவுச் சூப்பைவிட உப்புக் கொஞ்சம் கூடப் போடுகிறேன்.