ஆர்ம் மேலேயா, கீழேயா

"அப்பா இனிமே இதை எங்க ஓட்டப் போறாருண்ணா? ஒண்ணு கீழ, மீதி மேல வர்ற மாதிரி வெச்சிடுங்க."

பையன் இதைச் சொன்னபோது கியர் ஷாஃப்ட்டில் போட வேண்டிய ஆர்ம் கையில்தான் இருந்தது. 40 மி.மீ. நீளம், உள்ளே பல், ஷாஃப்ட்டைக் கவ்வி இறுக்க ஒரு பின்ச் போல்ட். தலைகீழாகத் திருப்பினால் கியர் போடும் முறை மாறும், திருப்பாவிட்டால் மாறாது. "சரி தம்பி" என்று திருப்பிப் போட்டாயிற்று. வேலையில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் அந்த "சரி" இன்னும் உறுத்துகிறது.

வண்டி பழைய புல்லட் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின், ஆல்பியன் கியர் பெட்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். நான்கு கியர்: முதல் கியருக்குத் தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் அழுத்த வேண்டும். இப்போதைய வண்டிகளில் காலும் வேறு, முறையும் வேறு. இந்த வண்டிக்கு ரியர் செட் போடும்போது, அதாவது ஃபுட்ரெஸ்ட்டையும் பெடல்களையும் பின்னால் தள்ளி வைக்கும்போது, முதலில் பேசி முடிக்க வேண்டியது இதைத்தான். பெரும்பாலும் கடைசியில்தான் பேசுகிறோம்.

ஃபுட்ரெஸ்ட் பின்னால் போனால் கால் கியர் ஷாஃப்ட்டுக்குப் பின்னால் போய்விடும். சுலபமான வழி, பழைய லிவரையே பின்பக்கம் பார்க்கத் திருப்பிப் போடுவது. அப்படிச் செய்தால் முறை தானாகவே தலைகீழாகும்: அழுத்தினால் முதல் கியர், தூக்கினால் இரண்டு, மூன்று, நான்கு. பல பட்டறைகளில் இதைத்தான் செய்கிறார்கள். செலவும் இல்லை, இணைப்பில் ஆட்டமும் இல்லை. ஆனால் லிவரின் நீளம் புதிய பெக்குக்கு, அதாவது கால் வைக்கும் முளைக்கு, பொருந்தாது. கட்டை விரல் எட்டினால் குதிகால் சைலன்சரில் படும். அதனால் இதில் தனி பெடலும் ராடும் வைத்தோம்.

பெடல் பெக்கின் மேலேயே சுழல்கிறது. அதன் அடியில் கீழ் நோக்கி 32 மி.மீ. ஆர்ம். அங்கிருந்து ராடு முன்னே ஷாஃப்ட் ஆர்முக்குப் போகிறது. ஷாஃப்ட் ஆர்மும் கீழ் நோக்கி இருந்தால் இரண்டும் ஒரே திசையில் சுழலும், கம்பெனி முறை அப்படியே நிற்கும். ஷாஃப்ட் ஆர்ம் மேல் நோக்கி இருந்தால் ராடு குறுக்கே சாய்ந்து போகும், முறை தலைகீழாகும். பெடல் நீளம் 110. 110-ஐ 40-ஆல் பெருக்கி 32-ஆல் வகுத்தால் சுமார் 137. அதாவது காலுக்கு 137 மி.மீ. நேர் லிவர் போட்டது போலத் தெரியும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் இரண்டு ஆர்மையும் ஒரே நீளத்தில் வெட்டினால் லிவர் 110 ஆகச் சுருங்கிவிடும், கியர் கல் மாதிரி இருக்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. கெட்டது பெட்டி இல்லை, கணக்கு.

இரு சுழல் மையங்களுக்கும் இடையே 240 மி.மீ. ராடு இரண்டு ஆர்முக்கும் 90 டிகிரியில் நிற்க வேண்டும். நேர் இணைப்பில் ராடு நீளம் கிட்டத்தட்ட அதே 240. குறுக்கு இணைப்பில் 229. வித்தியாசம் 11 மி.மீ. தான். ராடு எண்ட் எம்6, ஒரு பக்கம் இடது மரை, ஒரு பக்கம் வலது மரை. மரை நீளம் 22, அதில் 16 ராடுக்குள் இருக்கிறது. இரு பக்கமும் ஐந்தரை வெளியே எடுத்தாலும் பத்தரை உள்ளே நிற்கும். 6 மி.மீ. மரைக்குக் குறைந்தது 9 உள்ளே வேண்டும் என்பது என் கணக்கு. ஆக அதே ராடு இரண்டு முறைக்கும் போதும். வேண்டுமென்றேதான் அப்படி வெட்டினேன். பின்ச் போல்ட்டைத் தளர்த்தி, ஆர்மைத் திருப்பி, ராடைச் சுழற்றி, செக் நட்டை இறுக்கினால் 20 நிமிட வேலை. இதைப் பையனிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

மற்ற இடங்களில் எல்லாம் கவனம் இருந்தது. பெக் எங்கே வர வேண்டும் என்பதை 12 மி.மீ. பிளைவுட்டில் வெட்டி, ஃப்ரேமில் கிளாம்ப் போட்டு, பத்து நிமிடம் உட்காரவைத்துத்தான் முடிவு செய்தோம். பழைய இடத்திலிருந்து பின்னால் 220 மி.மீ., மேலே 60. முதலில் பையன் கேட்டது 300. அவ்வளவு பின்னால் போனால் முழங்கால் மடங்கி, உடல் எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும். ஹேண்டில் உயரமாகவே இருந்தால் அதைவிட மோசம், முதுகு வளைந்து நிற்கும். 1964இல் ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் விட்ட 250 கான்டினென்டல் ஜிடியில் தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டிலும் பின்தள்ளிய ஃபுட்ரெஸ்ட்டும் சேர்ந்தே வந்தன. இரண்டும் ஒரே உட்காரும் முறையின் இரு முனைகள். ஒன்றை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான்.

பெக்கைத் தாங்கும் பிராக்கெட் 6 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) பிளேட். அலுமினியம் வேண்டுமென்றால் 6061-டி6 தரத்தில் 10 மி.மீ. எடுக்க வேண்டும். பாத்திரம் செய்கிற சாதாரணத் தகடு வளைந்துவிடும். பிளேட்டுக்கு இரண்டு போல்ட் கட்டாயம். ஒரே போல்ட்டில் மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் பள்ளத்தில் எழுந்து நிற்கும்போது பிளேட் சுழலும், அதோடு கியர் ராடின் அளவும் மாறும். ஃப்ரேமில் வெல்ட் வைக்கவில்லை. பழைய குழாய் எங்கே மெலிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. சில வண்டிகளில் பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மிலேயே இருக்கும். அந்த இடத்தில் ரியர் செட் மாட்டவே கூடாது. சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் கியர் ராடும் இழுபடும்.

பின்னால் உட்காருபவருக்கும் கால் வைக்க இடம் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 123 அதைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டியதுதான்.

வலது பெக் கிக்கரின் பாதையிலேயே நிற்கும். புல்லட்டில் ரியர் செட் போடுகிற எல்லோரும் இடிபடுகிற இடம் இது. மடங்கும் பெக் போட்டோம், உள்ளே ஸ்பிரிங்கும் குண்டும் வைத்து. முழுசாக மடங்கி நிற்க வேண்டும், அரைகுறையாகத் தொங்கக் கூடாது. இக்னிஷன் டைமிங் முன்னால் இருந்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். அப்போது பெக் பாதியில் நின்றால் கணுக்கால் போய்விடும். ராடு கிக்கரில் உரசுகிறதா என்று ஆர்ம் மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் கையால் மெதுவாகக் கிக்கரை இறக்கிப் பார்த்தேன். இரண்டிலும் 8 மி.மீ. இடைவெளி இருந்தது.

இடது பக்கம் பிரேக். புது பெடல் 128, ராடு கோக்கும் இடம் 32, ஆக நான்குக்கு ஒன்று. பழைய பெடலையும் இதே மாதிரி அளந்து ஒப்பிட்ட பிறகே வெட்ட வேண்டும். ஷூ டிரம்மைத் தொடும் தருணத்தில், ஷூவை விரிக்கும் கேம் லிவரும் ராடும் 90 டிகிரிக்கு அருகில் இருக்க வேண்டும். அதைத் தாண்டிப் போனால் அழுத்த அழுத்தப் பிடிப்பு குறையும். ராடின் முன்முனை ஸ்விங் ஆர்ம் மையத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. தள்ளி இருந்தால் பள்ளத்தில் பிரேக் தானாகப் பிடிக்கும். ஆளை உட்காரவைத்து, ஷாக் அமுங்கிய நிலையில்தான் நட்டை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். செயினும் அதே பக்கம் ஓடுவதால் பெடலின் பின்பக்கம் 10 மி.மீ. இடம் விட்டோம். ஸ்டாப் லைட் சுவிட்ச்சையும் புது பெடலுக்கு மாற்றியாக வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள்.

போனது ஒன்றுதான்: நியூட்ரல் ஃபைண்டர். முதல் கியரைத் தவிர எந்தக் கியரில் இருந்தாலும் குதிகாலால் ஒரே அழுத்து, நியூட்ரல். இந்தப் பெட்டியின் அருமையே அதுதான். கால் பின்னால் போனதும் குதிகால் அங்கே எட்டாது, ராடும் அதில் தட்டும். கழற்றித் துணியில் சுற்றி டூல் பாக்ஸில் வைத்தேன்.

வண்டி எடுக்க அப்பாவும் வந்தார். வந்ததும் பையனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரே பெக்கை மடக்கி, டீகம்ப்ரஷரைப் பிடித்து, அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, ஒரே உதையில் எடுத்தார். பிறகு கீழே பார்த்து, "ஃபைண்டர் எங்கப்பா?" என்றார்.

"எட்டாது சார், எடுத்துட்டோம். கியரும் மாத்தியிருக்கு சார். அழுத்தினா ஒண்ணு, தூக்கினா மீதி."

"ஓ." கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, பழகிக்கலாம்."

அப்போது சொல்லியிருக்கலாம், 20 நிமிடம் உட்காருங்கள் சார், திருப்பிப் போட்டுத் தருகிறேன் என்று. சொல்லவில்லை. பணம் கொடுப்பது பையன், கேட்டது பையன். அவன் முன்னால் அவன் முடிவை மாற்றுவது சரியாகப் படவில்லை. அப்பா தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். முதல் கியர், இரண்டு. மூன்றுக்குப் போகிற இடத்தில் இன்ஜின் அலறியது. கால் பழக்கத்தில் அழுத்தியிருக்கிறது, இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டது. உடனே கிளட்ச்சைப் பிடித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தார்.

செய்தது தவறு என்று முழுசாகச் சொல்லவும் முடியவில்லை. பையன் மற்ற வண்டிகளில் வலது காலால் பிரேக் பிடித்துப் பழகியவன். அவசரத்தில் அவன் வலது கால் அழுத்தும். கம்பெனி முறையில் அந்த அழுத்து கியரை மேலே ஏற்றும், இன்ஜின் பிடிப்பு குறைந்து வண்டி தள்ளிக்கொண்டு போகும். மாற்றிய முறையில் கியர் இறங்கும், வண்டி இழுத்துப் பிடிக்கும். பின் சக்கரம் வழுக்கலாம், ஆனாலும் வேகம் குறையும். அவனுக்கு மாற்றியதுதான் நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அப்பாவுக்கு நேர் எதிர். அவர் தவறு நடப்பது வேகம் ஏறும்போது. மூன்றில் 60இல் போய்க்கொண்டு நான்குக்கு அழுத்தினால் இரண்டு விழும். ஈரச் சாலையில் பின் சக்கரம் நின்றுவிடும். ஒரே வண்டி, ஒரே ஆர்ம், இரண்டு கால்கள். இருவருக்கும் பொருந்தும் நிலை ஒன்று இல்லை. யார் அதிகம் ஓட்டுவார் என்று பார்த்து வைப்பதுதான் வழி. அதை ஓட்டுபவரிடம் கேட்டிருக்க வேண்டும். "அப்பா ஓட்டுவாரா?" என்று பையனிடம் கேட்டேன். "எங்க ஓட்டப் போறாருண்ணா?" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்திருக்கிறான். ஒரே உதையில் வண்டியை எடுத்தவர் ஓட்டாமல் இருப்பாரா என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகும் ஸ்பேனரை எடுக்கவில்லை.

இப்போது வலதுகால் கியர் வண்டி எது வந்தாலும் ஆர்மைப் பூட்டும் முன் வீட்டில் யாரெல்லாம் ஓட்டுவார்கள் என்று கேட்கிறேன். போன வாரம் ஒருவர், "நான் மட்டும்தாண்ணா" என்றார். ஆர்மை மேலே வைத்து இறுக்கினேன். இறுக்கும்போதே, இவருக்கும் அண்ணன், தம்பி யாராவது இருப்பார்களே என்று தோன்றியது.