முதல் ரிப்போர்ட்டிலேயே இருந்த எண்

ஒரு வருஷம் ஏழு மாசம் எனக்குக் கால் வலித்தது. அது என்ன வலி என்று அத்தனை நாளும் யாராலும் சொல்ல முடியவில்லை. இப்போது காரணம் தெரிந்து, சிகிச்சை எடுத்து, பெருமளவு சரியாகிவிட்டது. இதே மாதிரி அலைந்துகொண்டிருக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விரல் வைத்து ஒரு இடத்தைக் காட்ட என்னால் முடிந்ததே இல்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு நெடுக, தொடையில், சில நாள் இடுப்பின் இரண்டு பக்கமும். எரிச்சல் கிடையாது, மரத்துப்போவது கிடையாது, சுரீர் என்று இழுப்பதும் கிடையாது. எலும்புக்குள்ளேயிருந்து வருகிற ஒரு குடைச்சல், அவ்வளவுதான். ராத்திரி படுக்கையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பிப் படுக்க மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படி ஏறக் கைப்பிடியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்க வேண்டும். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. முதலில் குப்புறக் கவிழ்ந்து, கையை ஊன்றி, அப்புறம் தொடையில் கையை வைத்து வைத்து உடம்பை நிமிர்த்துவேன். நடக்கும்போது இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடக்கிறேன் என்று என் தங்கைதான் முதலில் கவனித்துச் சொன்னாள். நான் அதை வலியால் வந்த பழக்கம் என்று நினைத்தேன்.

மூன்றாவது மாதம்தான் முதல்முறையாக ஒரு மருத்துவரிடம் போனேன். ரத்தப் பரிசோதனை, முழங்கால் எக்ஸ்ரே இரண்டும் எடுத்தார்கள். எக்ஸ்ரே நார்மல். ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, யூரிக் ஆசிட் எல்லாம் சரி. ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற ஒன்று மட்டும் 214 என்று தடித்த எழுத்தில் இருந்தது, பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அந்த ஆய்வகத்தின் அளவுப்படி 120க்குள் இருக்க வேண்டும். நான் கேட்டேன். அப்போது நான் 14 வருஷமாக வலிப்புக்கு ஃபெனிட்டாயின் மாத்திரை சாப்பிட்டுவந்தேன். அந்த மாத்திரையால் கல்லீரல் என்சைம் கொஞ்சம் கூடும், அதனால் பயப்பட வேண்டாம் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, அப்படிக் கூடுவது உண்டு. ஆனால் இந்த என்சைம் கல்லீரலில் மட்டும் இல்லை, எலும்பிலும் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆறாவது மாதம் முதுகுக்கு எம்ஆர்ஐ. கீழ்முதுகில் எல்4-எல்5 என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். எட்டாவது மாதத்திலிருந்து பிசியோதெரபி, இடுப்பு பெல்ட், வலி மாத்திரை. எதுவும் கேட்கவில்லை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: முதுகுவலியே இல்லாத ஆட்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. அதில் 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், 40 வயதில் பாதிப் பேருக்கு, 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு. ஆக, ஸ்கேனில் பிதுக்கம் தெரிவதும் அதுதான் வலிக்குக் காரணம் என்பதும் ஒன்றல்ல. டிஸ்க்கால் நரம்பு நசுங்கினால் வலி பெரும்பாலும் ஒரு காலில், ஒரு தடத்தில் இறங்கும். எனக்கு இரண்டு காலிலும் பரவலாக, தொட்டால் எலும்பே வலித்தது. இந்த வித்தியாசத்தை நானும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர், நார்மல். நரம்புக் கடத்தல் சோதனை, நார்மல். அந்தச் சோதனையில் காலில் சுள் சுள்ளென்று மின்சாரம் வைக்கும்போது, இதிலாவது ஏதாவது கோளாறு தெரியட்டும் என்று மனசு வேண்டிக்கொண்டது. நோய் இருக்க வேண்டும் என்று யாராவது வேண்டுவார்களா? நான் வேண்டினேன். நார்மல் என்று ஒவ்வொரு தடவை வரும்போதும், வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படும்போது, நான் மட்டும் நொறுங்கிப்போவேன். பதின்மூன்றாவது மாதம் ஒரு மருத்துவர், "மனசுல ஏதாச்சும் கவலை இருக்கா?" என்று கேட்டார். மன அழுத்தம் வலியைக் கூட்டும் என்பதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் எனக்கு வலியால்தான் அழுத்தம் வந்தது. அன்றைக்கு வெளியே வந்து ரொம்ப நேரம் அழுதேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கேயும் போகவில்லை. தங்கைதான் விடவில்லை. "வலிக்குதுன்னு மட்டும் சொல்லாதக்கா, எதெல்லாம் செய்ய முடியலன்னு எழுது" என்றாள். ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்றெல்லாம் இல்லை. நாற்காலியிலிருந்து எழக் கை வேண்டியிருந்தது. தலைக்கு மேல் இருக்கிற டப்பாவை எடுக்கக் கை சிரமப்பட்டது. தும்மினால் விலா எலும்பு வலித்தது. உட்கார்ந்திருக்கும்போது பரவாயில்லை, எடை ஊன்றினால் கூடுகிறது. ஆறு வாரம் எழுதியதை ஒரே பக்கமாகச் சுருக்கினேன். சாப்பிடுகிற மாத்திரைகள், எத்தனை வருஷமாக என்பதையும் கீழே சேர்த்தேன். இது எல்லாவற்றையும் விட உதவிய பக்கம் என்பதால் சொல்கிறேன், நான் ஒன்றரை வருஷமாக வாயால் சொன்னது அந்த ஒரு பக்கத்தின் பாதிகூட இல்லை.

பத்தொன்பதாவது மாதம் பார்த்த மருத்துவர் அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தார். அப்புறம் தாழ்வான ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார். "கைய மார்புக்குக் குறுக்க கட்டிக்கிட்டு எந்திரிங்க." இரண்டு தடவை முயற்சி செய்தேன், இடுப்பு மேலே வரவில்லை. கட்டிலில் படுக்கவைத்து கட்டைவிரலால் முன்கால் எலும்பை மெதுவாக அழுத்தினார். பெரிய அழுத்தமில்லை, ஆனால் துடித்துக் காலை இழுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் ஃபைலிலிருந்து பழைய ரத்த ரிப்போர்ட் மூன்றையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்து, ஒரே வரியைப் பேனாவால் வட்டம் போட்டார். 214, 268, 331. அதே ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பார்த்ததால் அது ஏறிக்கொண்டே போனது யார் கண்ணிலும் படவில்லை. நானே அந்த ஃபைலை எத்தனை தடவை புரட்டியிருப்பேன், நானும் பார்க்கவில்லை.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் டி 5.8, 20க்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் லேசாகக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்த்துக்கொள்கிற பாராதைராய்டு ஹார்மோன் 162, 65க்குள் இருக்க வேண்டியது. என்சைமில் எலும்பிலிருந்து வரும் பகுதியைத் தனியாகப் பார்த்தார்கள், அதுதான் கூடியிருந்தது. இடுப்பு எக்ஸ்ரேயில் இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மெல்லிய கோடு ஒன்று, லூசர் சோன் என்று பெயராம், முழுசாக உடையாத விரிசல் மாதிரி. ஆஸ்டியோமலேசியா என்றார்கள், எலும்பு மென்மையாகும் நோய். குழந்தைகளுக்கு வந்தால் ரிக்கெட்ஸ், பெரியவர்களுக்கு வந்தால் இது. எலும்புக்கு அடிச்சட்டம் உருவாகிறது, ஆனால் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து கெட்டியாவதில்லை. தசையும் தளர்ந்துவிடும், அதனால்தான் அந்தச் சாய்ந்த நடையும் எழ முடியாததும். ஃபெனிட்டாயின் கல்லீரலில் வைட்டமின் டியை வேகமாகச் சிதைக்கும். வருஷக்கணக்கில் ராத்திரி வேலை பார்த்துப் பகலில் தூங்கியதால் என் உடம்பில் வெயிலே படவில்லை. இரண்டும் சேர்ந்துகொண்டது.

பெயர் கிடைத்த அன்று அழுகை வந்தது, ஆனால் இது வேற அழுகை.

வாரம் ஒரு தடவை பெரிய டோஸ் வைட்டமின் டி, தினமும் கால்சியம், இடையிடையே ரத்தப் பரிசோதனை. மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை, இதுவும் இல்லையோ என்று பயந்தேன். ஏழாவது வாரம் ஒரு ராத்திரி மூச்சைப் பிடிக்காமல் திரும்பிப் படுத்திருக்கிறேன், காலையில்தான் உறைத்தது. கைப்பிடி இல்லாமல் படி ஏற நாலு மாதம் ஆனது. பத்தாவது மாதம் என்சைம் 112க்கு வந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக வைட்டமின் டி வாங்கிப் பெரிய டோஸில் சாப்பிட வேண்டாம், அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டி குறைவு நிறையப் பேருக்கு உண்டு, எல்லா கால் வலிக்கும் அது காரணமில்லை. வலிப்பு மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது; எனக்கு நரம்பியல் மருத்துவர்தான் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாத்திரைக்கு மாற்றினார். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக இருந்தாலோ, கால் பலம் குறைந்து சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, நோட்டு எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

என் எல்லா ரிப்போர்ட்டையும் இப்போது தேதி வாரியாக ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு எண்ணும் ஒரு வரிசை. எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளைத்தான் நீட்டுகிறேன். இடது தொடை இடுக்கில் மட்டும் நீண்ட தூரம் நடந்தால் லேசாக வலி தெரிகிறது. அந்தக் கோடு முழுசாக மறைந்ததா என்று பார்க்க அடுத்த மாதம் ஒரு எக்ஸ்ரே இருக்கிறது.