சேகரத்து அலமாரியில் 17 ஏடுகள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் குருமனைத் திண்ணையில் ஒருவர் காத்திருந்தார். 60 வயதைத் தாண்டியவர். மகன் கனடாவில் இருக்கிறான். அவனோடு போய்த் தங்குவதற்கான விண்ணப்பத்தில் பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். அவர் பிறந்தபோது வீட்டில் யாரும் பஞ்சாயத்தில் போய்ப் பிறப்பை எழுதி வைக்கவில்லை. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து எழுதியதுதான் எழுத்து.

எங்கள் குருவானவரான ஐயரவர்கள் ரிஜிஸ்தரை எடுத்துக் காட்டினார். பிறந்த நாள் 1962 நவம்பர் 9 என்று இருந்தது. பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் இருப்பது 1962 ஜூன் 1. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஜூன் மாதத்தில் 5 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், தலைமையாசிரியர்கள் தாங்களே ஒரு தேதியைப் போட்டுவிடுவார்கள். என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜூன் 1ஆம் தேதி பிறந்தவர்கள்தான். வந்தவர் கேட்டது இவ்வளவே: “ஐயா, நவம்பரை ஜூன் ஆக்கிக் கொடுங்கள். ஒரு கோடு அடித்து எழுதினால் போதும்.”

ஐயரவர்கள் என்னைப் பார்த்தார். நான் பத்திரப்பதிவுத் துறையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊருக்கு வந்ததும் சேகரத்தின், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின், பழைய ஏடுகளைப் பட்டியலிட்டு ஒழுங்குபடுத்தும் வேலையை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். நான் மாட்டேன் என்று சொன்னேன். அவர் முகம் வாடியது. எனக்கும் மனம் கனத்தது. ஆனாலும் மாட்டேன் என்றேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலின் உடுப்பு அறையில், அங்கிகள் தொங்கும் கொடிக்குக் கீழே ஒரு தேக்கு அலமாரி. திறந்த அன்று இராமபாணப் பூச்சிகள் சிதறி ஓடின. அடித்தட்டில் கரையான் மண் கட்டியிருந்தது. கணக்கெடுத்ததில் 17 ஏடுகள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், விவாகம், அடக்கம் ஆகிய நான்கு வகை ரிஜிஸ்தர்கள், சேகரக் கமிட்டிக் கூட்டக் குறிப்பேடுகள், காணிக்கைக் கணக்கு, பெண்கள் வீட்டில் உலை வைக்கும்போது எடுத்து வைத்த கைப்பிடி அரிசியின் கணக்கு தனியாக ஒன்று. அந்த அரிசிக் கணக்கில், இன்னார் வீட்டிலிருந்து இந்த வாரம் எத்தனை படி என்பது வரை இருக்கிறது. அரிசி இல்லாத வாரத்தில் கருப்பட்டி வந்திருக்கிறது.

மிகப் பழைய ஏடு 1860களில் தொடங்குகிறது. அப்போது எங்கள் ஊர்ச் சபை சென்னை அத்தியட்சருக்கு, அதாவது பிஷப்புக்கு, கீழே இருந்தது. இந்தியா முழுவதற்கும் சேர்த்து 1814இல் கல்கத்தாவில் அத்தியட்சாதீனம் ஏற்பட்டது. சென்னைக்கு 1835இல் தனியாக வந்தது. திருநெல்வேலிக்கு 1896இல், சாமுவேல் மோர்லி முதல் அத்தியட்சராக. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 2003இல் தூத்துக்குடி – நாசரேத் தனித் திருமண்டலமாகப் பிரிந்தபோது நாங்கள் அதற்குள் வந்தோம். ஏடுகளில் முத்திரையும் தலைப்பும் இப்படி மாறிக்கொண்டே வருகின்றன. தேரிமண்ணும் பனங்காடும் ஊரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

திருநெல்வேலித் திருச்சபையே ஒரு பெயர்ப் பட்டியலோடு தொடங்கியது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1778இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மாள் கட்டிய கோயில் 1785இல் பிரதிஷ்டையானது. அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பே, 1780இல், 40 பேர் கொண்ட சபைப் பட்டியல் எழுதப்பட்டுவிட்டது. கோயில் எழும்புவதற்கு முன்பே மனிதர்களை எழுதியிருக்கிறார்கள்.

நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் ஏடுகள் உண்டு. அசையாச் சொத்து எல்லாம் முதல் புத்தகம். உயில்கள் மூன்றாம் புத்தகம். ஆனால் 32 ஆண்டுகளில் நான் கண்டது, நிலம் உள்ளவனின் பெயர் மட்டுமே அங்கே ஏறும் என்பது. பிறத்தியார் விளையில் பனையேறிப் பிழைத்தவன் அந்தப் புத்தகங்களில் எந்தப் பக்கத்திலும் இல்லை. பெண்கள் இன்னாரின் மனைவியாக, இன்னாரின் மகளாக, சாட்சிகளுக்கு மேலே ஒரு வரியில் வந்து போவார்கள். எங்கள் ஞானஸ்நான ரிஜிஸ்தரிலோ தகப்பன் பெயருக்குப் பக்கத்திலேயே தாயின் பெயர். அடுத்த கட்டத்தில் தொழில்: ‘பனையேற்று’, ‘பனையேற்று’, ‘பனையேற்று’ என்று பக்கம் பக்கமாக. நடுவில் ஒரு ‘நெசவு’, குருவானவருக்குத் துணையாக ஊழியம் செய்யும் ஒரு ‘உபதேசி’.

பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற்ற இடங்களில் பழைய பெயரும் புதுப் பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன. சுடலைமுத்து தாவீது ஆகிறான். பேச்சியம்மாள் மரியாள் ஆகிறாள். இசக்கி என்ற ஒருவர் மட்டும் இசக்கியாகவே இருந்திருக்கிறார். புதுப் பெயர்க் கட்டம் காலியாக விடப்பட்டிருக்கிறது. பெயரை மாற்ற அவர் மறுத்தாரா, எழுதியவர் மறந்தாரா? அந்தக் காலிக் கட்டத்தை நான் பலமுறை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அடக்க ரிஜிஸ்தரில் தாது வருஷப் பஞ்ச காலத்துப் பக்கங்கள் இருக்கின்றன. 1876க்கு முன்னால் ஒரு பக்கம் நிறைய ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருக்கிறது. 1877இல் சில வாரங்களில் பக்கம் நிறைந்துவிடுகிறது. அடக்க ஆராதனை நடத்தியவர் என்ற கட்டத்தில் குருவானவரின் பெயர் நின்றுபோய் உபதேசியாரின் பெயர் வருகிறது, குருவானவர் எந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கென்று ஓடுவார்? காரணம் என்ற இடத்தில் ‘பேதி’, ‘பேதி’, அதற்குக் கீழே மேற்படி என்பதற்கான ஒற்றைக் கோடு. வயதுக் கட்டத்தில் ‘3 நாள்’. பெயர் வைக்கும் முன்பே போன அந்தக் குழந்தைக்கும் ஒரு வரி கொடுத்திருக்கிறார் அந்த உபதேசியார். அவருடைய எழுத்து முதலில் வட்டமாக, அழகாக இருந்தது. அந்தப் பக்கங்களில் எழுத்துகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்கின்றன. பஞ்சத்தைப் பற்றி நான் படித்த எதுவும் அந்தச் சரிந்த எழுத்தைப் போல என்னை உலுக்கவில்லை.

விவாக ரிஜிஸ்தரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1872இன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். ஆரம்பப் பக்கங்களில் கையெழுத்தே இல்லை. மணமகன் கீறல், மணமகள் கீறல், சாட்சிகள் கீறல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘இது இன்னார் கீறல்’ என்று உபதேசியாரின் எழுத்து. பிறகு மெல்ல மெல்ல மணமகன்களின் கையெழுத்து வரத் தொடங்குகிறது. அது எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பாராத ஒன்று அதற்குப் பிறகு வந்தது: மணமகன் கீறல் போட்டிருக்கிறார், மணமகள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒன்றிரண்டு இடத்தில் அல்ல, அடுத்தடுத்துப் பல பக்கங்களில். இடையன்குடியில் எலைசா கால்டுவெல் அம்மையார் நடத்தியதைப் போன்ற பெண் பள்ளிகள் இந்தப் பகுதி ஊர்களில் இருந்தன. பையன் பனையடிக்குப் போன வயதில் பெண்பிள்ளை பலகையில் எழுதப் பழகியிருக்கிறாள்.

அப்படிக் கையெழுத்திட்டவர்களில் ஒருத்தி என் பூட்டி. ‘அன்னாள்’ என்று எழுதியிருக்கிறாள். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முந்தைய சுழி போட்ட ‘னா’. மை அந்தச் சுழியில் தேங்கிக் கெட்டியாக இருக்கிறது. அவள் அந்த இடத்தில் பேனாவை எடுக்காமல் நின்றிருக்கிறாள். பக்கத்தில் பூட்டனின் கீறல். எங்கள் வீட்டில் பூட்டியைப் பற்றி, பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவதில் கெட்டிக்காரி என்ற ஒரு செய்திதான் வழிவழியாக வந்தது. அவளுக்கு எழுதத் தெரியும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இந்த ஏடுகளுக்கு வேறு பிரதி இல்லை என்பதை நம் மக்கள் உணர வேண்டும். வெள்ளைக்காரர் ஆட்சியில் சென்னை ராஜதானியின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவுகள் படியெடுக்கப்பட்டு லண்டனுக்குப் போயின. 1698 தொடங்கியுள்ள அந்தப் படிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பியருடையவை, ஆங்கிலோ இந்தியருடையவை. மிஷனரிகள் எழுதிய கடிதங்கள் பர்மிங்ஹாமிலும் ஆக்ஸ்போர்டிலும் குளிரூட்டிய அறைகளில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு துரையின் குழந்தை இங்கே பிறந்திருந்தால் அதன் பெயரைக் கடல் கடந்தும் காணலாம். பேச்சியம்மாளின் குழந்தைக்கு இருப்பது, கரையான் ஏறிய எங்கள் அலமாரி ஒன்றே.

அந்த ஒன்றையும் நல்ல எண்ணத்தோடு நாமே கெடுத்துவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ அக்கறையோடு இரண்டு ஏடுகளை பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார்கள். பைண்டு செய்தவர் ஓரம் ஒழுங்காக இருக்கட்டும் என்று மூன்று பக்கமும் வெட்டிவிட்டார். ஓரத்தில்தான் பழைய ஐயர்மார் குறிப்பெழுதும் வழக்கம். இலங்கையைக் குறிக்கும் ‘கண்டிச்சீமை’ என்பதில் ‘கண்டி’ மட்டும் மிஞ்சியிருக்கும் குறிப்புகள் பல. எந்த ஆண்டு போனார்கள், திரும்பி வந்தார்களா என்பதெல்லாம் வெட்டிய ஓரத்தோடு போயின. இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரிடையே 1854இல் ஊழியம் தொடங்கியபோது உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்துதான் போனார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் போன குடும்பங்களின் தடம் அந்த ஓரங்களில் இருந்தது. இன்னொரு ஏட்டில் கிழிந்த இடமெல்லாம் செல்லோ டேப். டேப் காய்ந்து உதிர்ந்துவிட்டது. அதன் பழுப்புக் கறை எழுத்தின்மேல் தங்கிவிட்டது. தயவுசெய்து பழைய ஏட்டை வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து லேமினேஷன் செய்யாதீர்கள். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, தரைக்கு மேலே, காற்று புழங்கும் இடத்தில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் செல்போனில் படம் எடுத்தாலே போதும், ஒரு பிரதி கிடைத்துவிடும்.

இனி அந்தத் திருத்தத்துக்கு வருகிறேன். பதிவு அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிவாகிவிட்டால் அதில் ஒரு எழுத்தையும் யாரும் தொட முடியாது. சர்வே எண் தப்பாக இருந்தாலும் தொட முடியாது. பிழைத்திருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பிழையும் இருக்கும், திருத்தமும் இருக்கும். பின்னால் வருகிறவன் இரண்டையும் பார்த்துக்கொள்வான். கோயில் ஏட்டுக்கு இதைவிடக் குறைந்த மரியாதை ஏன்? நவம்பரை இன்றைக்கு ஜூன் ஆக்கினால், அந்தப் பக்கத்தில் உள்ள மற்ற தேதிகளை நாளைக்கு யார் நம்புவார்கள்?

தேதி கேட்டு வருகிறவர்கள் பகலில் வருகிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு வருகிறவர்கள் வேறு ஒன்றைக் கேட்கிறார்கள்: பெயரையே எடுத்துவிட முடியுமா என்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராக இருப்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்பட மாட்டார். ஊருக்குள் சாதி அவரை விடுவதில்லை. சலுகை மட்டும் ஞானஸ்நானத்தோடு நின்றுவிடுகிறது. இது பெரிய அநியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு தாய் தன் மகளின் படிப்புக்காகக் கண்ணீரோடு கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்தால் அழிவது அவளுடைய தாத்தாவின் பெயர். ஆணை அப்படியே இருக்கும். வழக்காடவும் வாதாடவும் நாளைக்கு வேண்டிய சாட்சி இந்த ஏடுதான். இதைச் சொல்லி அனுப்பினேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கனடாக்காரரின் தகப்பனார் இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை ஐயரவர்கள், ரிஜிஸ்தரில் இருப்பதை இருக்கிறபடியே பகர்த்தெழுதிக் கையெழுத்தும் முத்திரையும் இட்டுக் கொடுத்தார். பள்ளியில் தேதி மாறியதற்கான பிரமாண வாக்குமூலத்தைத் தனியாக நோட்டரியிடம் எழுதிக்கொள்ளச் சொன்னோம். அவர் பகர்ப்பை வாங்கி நின்றபடியே வாசித்தார். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்காகப் பொறுப்பேற்கும் ஞானத்தாய் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“அக்கா, இது எங்கள் அடுத்த வீட்டுப் பெரியம்மா. பஞ்சாரத்துக் கோழியை விற்று எனக்குச் சிலேட்டு வாங்கித் தந்தவள். அவள்தான் என் ஞானத்தாய் என்று யாருமே சொல்லவில்லையே.”

மூல ஏட்டைப் பார்க்க வேண்டும் என்றார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வரச் சொல்லி, காட்டினேன்.

வரும் சனிக்கிழமை எட்டாவது ஏட்டைப் படமெடுக்கத் தொடங்குகிறோம். அதில் தேதிகளும் தொகைகளும் பழைய தமிழ் எண்களில் இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் எவரேனும் நாசரேத், சாத்தான்குளம் பக்கத்தில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.