கமென்ட்டே லாக் ஆனால்

ஜூன் 3, செவ்வாய்

ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு எழுதிக் கொடுத்த பைத்தான் ஸ்கிரிப்ட், ஆர்டரைப் படித்து எத்தனை கல் வார்க்க வேண்டும் என்று சொல்லும். 8 அங்குலச் சதுரக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 225. உடைசலுக்கு மேற்கொண்டு கொஞ்சம். கணக்குப் பார்க்கும் அண்ணன் இன்று பிடித்துக்கொண்டார்: "கணக்கு சரியாத்தான் வருது தம்பி. எப்படி வந்துச்சுன்னு மொதலாளி கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

நியாயம்தான். ஒவ்வொரு படிக்கும் விளக்கம் ஸ்கிரிப்ட்டிலேயே நல்ல தமிழில் இருக்கிறது, ஆனால் கமென்ட்டாக, அதாவது படிப்பவருக்காக # போட்டு எழுதும், கணினி கண்டுகொள்ளாத குறிப்பாக. அதையே லாக் வரியாகவும் (ஓடும்போது ஸ்கிரிப்ட் எழுதிவைக்கும் பதிவாகவும்) எழுதினால் ஒரே சேதி இரண்டு இடத்தில் கிடக்கும். ஒன்றைத் திருத்துபவர் மற்றதை விட்டுவிடுவார். கமென்ட்டே லாக் ஆகிவிட்டால் தேவலை.

ஜூன் 4

பெர்ல் என்ற நிரல்மொழியில் இது பழைய வித்தை. டேமியன் கான்வேயின் ஸ்மார்ட் கமென்ட்ஸ் தொகுப்பைச் சேர்த்தால் ### என்று தொடங்கும் கமென்ட்டுகள் பேச ஆரம்பிக்கும்; எடுத்துவிட்டால் பழையபடி ஊமை. அழகான யோசனை. ஆனால் மூலத்தை வெறும் எழுத்தாகப் பார்த்து மாற்றும்போது, மேற்கோளுக்குள் இருக்கும் # கமென்ட்டா இல்லையா என்று பிரிப்பது தலைவலி.

ஜூன் 6

நிரலைப் படித்துப் பைத்தான் கட்டும் இலக்கண மரமான ஏஎஸ்டியில் கமென்ட்டே இருக்காது. நிரலைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் டோக்கனைஸ் மாட்யூல் மட்டும் அதை வரி எண்ணோடு கொடுக்கிறது, மேற்கோளுக்குள் உள்ள # பக்கம் போவதும் இல்லை. கமென்ட் இருந்த அதே வரியில் லாக் அழைப்பை வைப்பதால், பிழை வந்தாலும் வரி எண் மாறாது.

சிக்கல் வேறு இடத்தில். கமென்ட்டுக்கு உள்தள்ளல் (வரித் தொடக்கத்தில் விடும் இடம்) கணக்கே கிடையாது, எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். லாக் அழைப்பு அப்படி நிற்க முடியாது. 'இஃப்' நிபந்தனை பொய்த்தால் என்ன செய்வது என்று சொல்லும் எல்ஸ் வரிக்கு மேலே, அதற்கு நேராக ஒரு கமென்ட் இருந்தால், அதை மாற்றியதும் இஃப் அங்கேயே முடிந்துபோய் எல்ஸ் அநாதையாகிறது. பல வரிக்கு நீளும் பட்டியலின் அடைப்புக்குள் இருப்பதையும் தொடக்கூடாது. அதனால் தனி வரியில் #> என்று தொடங்குபவை மட்டும் லாக் ஆகும்.

குறி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. "இந்தப் பார்ட்டி அளவை மாத்திக்கிட்டே இருப்பாங்க" என்று ஒரு கமென்ட் இருக்கிறது. அது லாக்கில் வந்தால் வம்பு!

ஜூன் 9

வெறும் வாக்கியம் போதாது, எண்ணும் வேண்டும். கமென்ட்டை எஃப்-ஸ்ட்ரிங் ஆக்கி, நெளிவு அடைப்புக்குள் மாறியின் பெயரைப் போட்டால் மதிப்பு வந்துவிடுகிறது. விலையும் உண்டு: மாறியின் பெயரை மாற்றிவிட்டுக் கமென்ட்டை மறந்தால் ஸ்கிரிப்ட்டே பிழையோடு நின்றுபோகும். கமென்ட்தானே என்று யாரும் இனி அலட்சியமாக விட முடியாது. எனக்கு அது பிடித்தே இருக்கிறது. பொய் சொல்லும் கமென்ட்டுகள் இப்படியாவது மாட்டட்டும்.

எச்சரிக்கைக்கு #! வைக்கலாம் என்று பார்த்தால், லினக்ஸில் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியே அப்படித்தான் தொடங்கும். சரி, #>> போதும்.

ஜூன் 10

பட்டறைக் கணினி விண்டோஸ். லாக் கோப்புக்கு எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால் தமிழை எழுத முடியாமல் திணறுகிறது. பைத்தானில் லாகிங்கின் இயல்பு நிலை வார்னிங், அதாவது 30. அதற்குக் கீழான சேதி பதிவாகாது. சாதாரணச் சேதி 20 என்பதால் அந்த அளவையும் இறக்க வேண்டியிருந்தது.

அண்ணன் லாக்கைப் படித்துவிட்டு, "வாக்கியத்த நானே திருத்திக்கிறேன் தம்பி" என்கிறார். தாராளமாக. அதற்கு முன், மாற்றிய ஸ்கிரிப்ட்டை ஓட்டாமல் கம்பைல் மட்டும் செய்து பார்த்து, எந்த வரியில் அடைப்பு விட்டுப்போனது என்று தமிழில் சொல்லும் சரிபார்ப்பு ஒன்றை இன்றிரவு எழுத வேண்டும்.